கம்ப்யூட்டர் எழவில்லையா? விளக்கைப் பாருங்கள்!



நம் கடைகளில் ஒரு காலத்தில் தராசும் கல்லாப் பெட்டியும் சிட்டைப் புத்தகமும் இருந்தால் போதும், வியாபாரம் நடந்துவிடும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, சிறிய மளிகைக் கடையிலும் ஒரு கம்ப்யூட்டர் இடம் பிடித்துவிட்டது. பில், ஸ்டாக், கொள்முதல், வாடிக்கையாளர் பாக்கி என எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. காலையில் கடை திறந்து பட்டனை அழுத்தியதும் அது எழவில்லை என்றால் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. அன்று 11-ஆம் தேதியோ 20-ஆம் தேதியோ ஆக இருந்தால் சொல்லவே வேண்டாம். மாதந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கு 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

உடனே மெக்கானிக்குக்குப் போன் செய்கிறோம். அவர் வர மதியம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். வந்தவர் பிளக்கைச் சரியாகச் சொருகிவிட்டுப் போவதும் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்துக்கொள்வதும் உண்டு. எது நடந்தாலும் நமக்கு விவரம் தெரியாததால், அவர் சொன்னதே கணக்கு.

கம்ப்யூட்டரில் ஆங்காங்கே சிறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அலங்கார விளக்குகளைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், பழுது எந்த இடத்தில் என்பதை ஐந்து நிமிடத்தில் ஓரளவு நாமே கண்டுகொள்ளலாம். பள்ளிப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்த என் போன்றவர்களுக்கும் இது கைவரும். அதற்காகவே இக்கட்டுரை.

சரக்கு வரும் வழியில் தேடுவது போல

விருதுநகரிலிருந்து வர வேண்டிய பருப்பு லோடு வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? மண்டியில் சரக்கு ஏறியதா என்று முதலில் கேட்கிறோம். ஏறிவிட்டது என்றால், லாரி ஆபீஸில் ரசீது போட்டார்களா என்று கேட்கிறோம். போட்டாயிற்று என்றால், நம் ஊர் ஷெட்டுக்கு வந்ததா என்று விசாரிக்கிறோம். எந்த இடம் வரை வந்தது என்று தெரிந்தால், எங்கே நின்றது என்பதும் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரிலும் இதே முறைதான். சுவர் பிளக்கில் புறப்படும் மின்சாரம் யு.பி.எஸ்.க்கு வருகிறது. அங்கிருந்து கேபிள் வழியாகப் பெட்டியின் பின்புறமுள்ள எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளைக்கு வருகிறது. அது மின்சாரத்தைக் குறைத்து மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. நாம் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. மூளையான சி.பி.யு., நினைவகமான ராம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, கடைசியில் டிஸ்க் என்று வரிசையாகப் பார்க்கிறது. எல்லாம் சரி என்றால் டிஸ்கிலிருந்து விண்டோஸை எடுத்து ஓடவிடுகிறது.

இந்த வழியில் உள்ள விளக்குகளை இதே வரிசையில் பார்க்க வேண்டும். ஒரு விளக்கு எரிகிறது என்றால், அந்த இடம் வரை மின்சாரமோ வேலையோ வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு அப்பால் எல்லாம் நலம் என்று பொருளல்ல. முன்பக்க விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டு "கரண்ட் வருகிறது, மானிட்டர்தான் போய்விட்டது" என்று புது மானிட்டர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையை விட்டுவிட்டு நடுவில் பார்ப்பதால் வரும் வீண் செலவு இது.

முதலில் சுவரும் யு.பி.எஸ்.ஸும்

எந்த விளக்கும் எரியவில்லை என்றால் பெட்டியைத் தொட வேண்டாம். சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்; நியூட்ரல் அறுந்திருந்தாலும் அது எரியும்.

அடுத்தது யு.பி.எஸ். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறினாலும், பொதுவாகப் பச்சை எரிந்தால் மெயின் லைனில் ஓடுகிறது. மஞ்சள் எரிந்து விட்டு விட்டுக் கூவினால் பாட்டரியில் ஓடுகிறது. சிவப்பு எரிந்தால் அதிக லோடு அல்லது பழுது. சுவரில் மின்சாரம் இருக்கும்போதும் யு.பி.எஸ். பாட்டரியில் ஓடுவதாகக் காட்டினால், அதற்குள் வரும் கேபிள் தளர்ந்திருக்கலாம், லைனில் வோல்டேஜ் குறைந்திருக்கலாம், அல்லது அதன் ஃபியூஸ் போயிருக்கலாம். பல யு.பி.எஸ்.களின் பின்புறம் ஒரு சிறு பட்டன் துருத்திக்கொண்டு நிற்கும். அதிக லோடினால் வெளியே வந்த பட்டன் அது. யு.பி.எஸ்.ஸில் சொருகியுள்ளவற்றைக் கழற்றிவிட்டு அதை உள்ளே அழுத்தினால் சில சமயம் வேலை முடிந்துவிடும்.

லைன் ஒரு நொடி போய் வந்தாலே கம்ப்யூட்டரும் அணைந்து எழுகிறதா? அப்படியானால் யு.பி.எஸ். பாட்டரி ஓய்ந்துவிட்டது. 600 வி.ஏ. அளவுள்ள சிறு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பாட்டரி ஒன்று இருக்கும். சில ஆண்டுகளில் அது ஓய்வது இயல்பு. பாட்டரியை மாற்றினால் போதும், யு.பி.எஸ்.ஸையே மாற்ற வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். யு.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் கேபிளை நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். எழுந்துவிட்டால் கம்ப்யூட்டரில் குறை இல்லை. எங்கள் தெருவில் ஓர் எண்ணெய்க் கடையில் "போர்டு எரிந்துவிட்டது" என்று விலை பேசி முடித்த பிறகு, பக்கத்துக் கடைப் பையன் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தான். பெட்டி எழுந்து உட்கார்ந்தது. குறை யு.பி.எஸ். ஃபியூஸில் இருந்தது.

இன்னொன்று. லேசர் பிரிண்டரையும் மாவு அரைக்கும் மிஷினையும் யு.பி.எஸ்.ஸில் போடாதீர்கள். அவை ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறு யு.பி.எஸ். தாங்காது.

பெட்டியின் பின்புறம்

யு.பி.எஸ். வரை சரி என்றால், பெட்டியின் பின்புறம் பாருங்கள். கேபிள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கலாம். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். பெருக்கும்போதோ மூட்டை நகர்த்தும்போதோ இது மாறிவிடுவது உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று எண் போட்ட சிறு சிவப்பு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அதைத் தொடவே கூடாது. 115-க்குத் தள்ளிவிட்டு நம் லைனைக் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துவிடும்.

கேபிளையும் சோதியுங்கள். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரி கேபிள்தான். இரண்டையும் மாற்றிச் சொருகினால், கேபிள் நல்லதா கெட்டதா என்று மானிட்டர் விளக்கே சொல்லிவிடும். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கடைகளில் அது அதிசயம் அல்ல.

கம்பெனி பெட்டிகள் சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறமே ஒரு சிறு பச்சை விளக்கு உண்டு. சிலவற்றில் சோதனைப் பட்டனும் உண்டு. கேபிளில் மின்சாரம் இருந்தும் அந்த விளக்கு எரியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் குறை. கூட்டிக் கட்டிய பெட்டிகளில் வேறு வழி உண்டு. காற்றுத் துளைகள் வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில், பட்டனை அழுத்தாமலே எரியும் ஒரு சிறு விளக்கு இருக்கும். பெட்டி ஓடாத நேரத்திலும் எஸ்.எம்.பி.எஸ். அனுப்பும் 5 வோல்ட் மின்சாரத்தால் எரியும் விளக்கு அது. அது எரிந்தால் மின்சாரம் போர்டு வரை வந்துவிட்டது. ஆகவே பட்டன், பட்டனின் ஒயர், போர்டு ஆகியவற்றில் ஒன்றில்தான் குறை. அத்தகைய போர்டில் அது எரியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் முதல் சந்தேகம்.

இந்த நிலையில் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபிளைச் சொருகி ஆன் செய்து பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கியதால் பூட்டிக்கொண்ட பெட்டிகள் பல இதிலேயே எழுந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இருக்கும். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது அடையாளம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

விளக்கு எரிந்து உடனே அணைந்தால்

பட்டனை அழுத்தியதும் விளக்கு எரிந்து, மின்விசிறி இரண்டு மூன்று நொடி சுற்றி, மீண்டும் அணைகிறது என்றால், எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்கிறது.

நம் கடைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை வெளியே தொங்கும் ஒயர்கள். பார்கோடு ஸ்கேனர், பில் பிரிண்டர், எடை மிஷின் கேபிள், பென் டிரைவ் ஆகிய எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீபோர்டு, மவுஸ் கூட வேண்டாம். மின்சாரக் கேபிளும் மானிட்டரும் மட்டும் போதும். இப்போது எழுந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எதைச் சொருகும்போது பெட்டி அணைகிறதோ, அதுதான் குற்றவாளி. நாள் முழுவதும் இழுபடும் ஸ்கேனர் ஒயர் உள்ளுக்குள் நைந்து ஷார்ட் ஆவது உண்டு.

பட்டன் உள்ளே சிக்கியிருந்தாலும் இதே மாதிரி நடக்கும். எண்ணெய்க் கையோடும் மாவுக் கையோடும் அழுத்தும் பட்டன் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு அணைந்தால், உள்ளே சூடேறுகிறது, சி.பி.யு. மேலுள்ள விசிறி தூசியால் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

முன்பக்க விளக்கு மெதுவாக விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தால், பல பெட்டிகளில் அது பழுதே அல்ல. பெட்டி தூங்குகிறது. ஒரு கீயைத் தட்டினாலோ பட்டனை ஒரு முறை தொட்டு எடுத்தாலோ விழித்துக்கொள்ளும். இதைப் பழுதென்று எண்ணி மெயினை அணைத்தால், சேமிக்காத பில் போய்விடும்.

பெட்டி ஓடுகிறது, திரை இருட்டு

இங்கே பார்க்க வேண்டியது மானிட்டரின் விளக்கு. அது எரியவே இல்லை என்றால் மானிட்டருக்கு மின்சாரம் இல்லை. நீலமோ பச்சையோ வெள்ளையோ நிலையாக எரிந்தால் கம்ப்யூட்டரிலிருந்து படம் வருகிறது. வெளிச்சம் குறைந்திருக்கிறதா, திரை கெட்டதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ விட்டு விட்டு மின்னினாலோ மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து படம் வரவில்லை என்று பொருள். (கம்பெனிக்கேற்ப நிறம் மாறும். நன்றாக ஓடும் நாளில் உங்கள் மானிட்டர் என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

படம் வரவில்லை என்றால், முதலில் கேபிளை இரு முனையிலும் அழுத்திச் சொருகுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டியில், கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும். மேலே உள்ள போர்டின் துளையில் சொருகினால் பெரும்பாலும் படம் வராது. இது சரியாக இருந்தும் இருட்டு என்றால், சோதனையின் நடுவில் போர்டு நின்றுவிட்டது. எங்கே நின்றது என்று சொல்லவும் விளக்கு இருக்கிறது.

போர்டின் நான்கு விளக்குகள்

கூட்டிக் கட்டிய பெட்டிகளில், இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு சிறு விளக்குகள் உண்டு. சி.பி.யு., டி-ராம், வி.ஜி.ஏ., பூட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஆன் செய்ததும் இவை ஒவ்வொன்றாக எரிந்து எரிந்து அணையும். அந்தந்த உறுப்பைப் போர்டு சோதிக்கிறது என்று பொருள். நான்கும் அணைந்தால் எல்லாம் தேறிவிட்டன. ஒன்று மட்டும் அணையாமல் நின்று எரிந்தால், சோதனை அங்கே நின்றுவிட்டது. நிறம் போர்டுக்குப் போர்டு மாறும். பக்கத்தில் உள்ள பெயர்தான் முக்கியம்.

கம்பெனி பெட்டிகளில் முன்பக்கப் பட்டனின் விளக்கே கணக்குப் போட்டு மின்னும். டெல் கம்பெனியின் அண்மைக்கால ஆப்டிபிளெக்ஸ் மாடல்கள் பலவற்றில் மஞ்சளாக 2 முறை, வெள்ளையாக 3 முறை மின்னினால் ராம் தெரியவில்லை என்று பொருள். எச்.பி.யின் அண்மைக்கால அலுவலக மாடல்கள் பலவற்றில் சிவப்பாக 3 முறை நீளமாகவும், வெள்ளையாக 2 முறை குறுகலாகவும் மின்னினால் ராமில் குறை. மாடலுக்கு மாடல் கணக்கு மாறும் என்பதால், உங்கள் பெட்டியின் கையேட்டில் உள்ள பட்டியலைப் பாருங்கள். சில பெட்டிகள் மின்னுவதோடு கூவவும் செய்யும். அதற்கும் இதே விதிதான்.

எண்ணிப் பார்க்கும்போது தவறுவது எளிது. ஆகவே செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு அனுப்பினால், வரும்போதே தேவையான பொருளோடு வருவார். ஒரு நடை மிச்சம்.

ராம் கழற்றி மாட்டுதல்

நின்று எரிவது டி-ராம் விளக்கு என்றால், பெரும்பாலும் கெட்டது ராம் அல்ல. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்திருக்கும். மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் மாவும் பறக்கும் இடம் நம்முடையது. பக்கத்தில் உப்பு மூட்டை இருந்தால் ஈரத்துக்கும் குறைவில்லை. வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியாக இருந்தால் திறக்காதீர்கள். வாரண்டி முடிந்ததானால், கடையில் கை நிதானம் உள்ள பையன் ஒருவன் இதைச் செய்யலாம்.

1. கேபிளைப் பிடுங்கி, பட்டனை 30 நொடி அழுத்தி, மின்சாரத்தை வடியவிடுங்கள்.
2. பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் உள்ள மின்னூட்டம் இறங்கிவிடும்.
3. ராமின் முனைகளில் உள்ள கிளிப்பைத் தள்ளி, அதை நேராக மேலே எடுங்கள்.
4. அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, ரப்பர்த் துகளைத் தட்டிவிடுங்கள். பற்களில் விரல் படக் கூடாது.
5. துளையைக் காய்ந்த சிறு பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ராமில் உள்ள வெட்டைப் பார்த்து நேராக வைத்து, கிளிப் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள்.
6. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றோடு எழுந்து மற்றொன்றோடு எழவில்லை என்றால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

டி.டி.ஆர்.5 ராம் உள்ள புதுப் பெட்டிகளில், ராமை மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது டி-ராம் விளக்கு சில நிமிடங்கள் எரிந்துகொண்டே இருக்கலாம். போர்டு அந்த ராமைப் பழக்கிக்கொள்கிறது. அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

சி.பி.யு. விளக்கு நின்று எரிந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அது நம் கை படும் இடம் அல்ல.

டிஸ்க் விளக்கு: இங்கேதான் நம் முதல்

முன்பக்கத்தில், உருளை போன்ற படம் போட்ட ஒரு சிறு விளக்கு இருக்கும். டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் அது சிமிட்டும். (சில புதிய பெட்டிகளில் இந்த விளக்கு இருப்பதில்லை.) பெட்டி எழும்போது விட்டு விட்டுச் சிமிட்டுவது நல்ல அறிகுறி. விண்டோஸ் அப்டேட் நடக்கும்போது நெடுநேரம் சிமிட்டும். அப்போது அணைக்கவே கூடாது. சிமிட்டாமல் நெடுநேரம் நின்று எரிந்து, திரையும் நகரவில்லை என்றால் டிஸ்க் திணறுகிறது.

பூட் விளக்கு நின்று எரிந்தாலோ, 'நோ பூட் டிவைஸ்' என்பது போலத் திரையில் வந்தாலோ, முதலில் பென் டிரைவ் ஏதும் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டு பெட்டி நிற்கலாம். அதை எடுத்துவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் டிஸ்க் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்கே கெட்டிருக்கலாம்.

பழைய வகைச் சுழலும் டிஸ்கில் 'டக், டக்' என்று ஒரே மாதிரி ஓசை வந்தால், உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது, உடைந்த தராசில் மூட்டையை ஏற்றிப் பார்ப்பது போல. மீட்கக்கூடிய கணக்கும் அழிந்துவிடும்.

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்., ராம், போர்டு எல்லாம் கடையில் கிடைக்கும். உங்கள் பாக்கிப் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்காது. மற்ற உறுப்புகள் செத்தாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிக் கணக்கை எடுத்துவிடலாம். ஆகவே "ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், கணக்கை வெளியே எடுத்து, திறந்து பார்த்து, சரி என்று தெரிந்த பிறகே சம்மதியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில், தீபாவளிக்கு முந்தைய வாரம் பெட்டி எழவில்லை. பார்க்க வந்தவர் முதலாளியைக் கேட்காமலே ஃபார்மட் செய்துவிட்டார். மூன்று ஆண்டுப் பாக்கி விவரம் போயிற்று. வாடிக்கையாளர்கள் தாமாகச் சொன்ன தொகைதான் கைக்கு வந்தது. பெட்டியின் பழுது வேறு இடத்தில்; டிஸ்கில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்பது அதற்குப் பதில் ஆகாது. தினமும் கடை அடைக்கும்போது பென் டிரைவில் ஒரு பேக்கப், வாரம் ஒரு முறை வீட்டில் இருக்கும் வேறொரு டிஸ்கில் ஒரு பேக்கப் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் எண்ணிப் பார்க்காத கல்லா போன்றது. விண்டோஸ் 11 உள்ள புதுப் பெட்டிகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு டிஸ்கில் இருக்கலாம். போர்டை மாற்றினால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண்ணை இப்போதே எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

தேதி மாறினால்

பெட்டி எழுகிறது, ஆனால் தேதி சில ஆண்டுகள் பின்னால் போய்விட்டது என்றால், போர்டில் உள்ள சிறு நாணயப் பாட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற எண் உள்ள பாட்டரி. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். சிறு செலவுதான். கவனிக்காமல் விட்டால் பழைய தேதியில் பில் விழும், ரிட்டர்னில் கணக்கு உதைக்கும்.

பெட்டி எழும்வரை கடை நிற்க வேண்டாம்

அச்சடித்த கை பில் புத்தகம் ஒன்று எப்போதும் கல்லாவில் இருக்கட்டும். அதற்குத் தனி வரிசை எண் கொடுங்கள். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், தொடர்ச்சியாக, 16 எழுத்து எண்ணுக்கு மிகாமல் இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதி அனுமதிக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்ததும் அவற்றை ஏற்றிக்கொள்ளலாம். மொத்த வியாபாரிகள் சரக்கு அனுப்ப இ-வே பில் வேண்டும் என்றால், அந்தத் தளம் நம் பெட்டிக்குள் இல்லை. வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ செல்போனிலிருந்தோ போடலாம். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் போய் இ-இன்வாய்ஸ் கட்டாயமானவர்களுக்கு, பதிவு பெற்ற வியாபாரிக்குக் கொடுக்கும் பில்லில் கை பில் மட்டும் போதாது. ஆடிட்டரிடம் மாற்று வழியை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மேசைக்கு மேல் ஒட்டி வைக்க

1. எந்த விளக்கும் இல்லை: சுவர் பிளக், யு.பி.எஸ்., கேபிள், பின்புறச் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்.
2. போர்டு விளக்கு உண்டு, பட்டன் வேலை செய்யவில்லை: கேபிளைப் பிடுங்கி 30 நொடி அழுத்தி, மீண்டும் முயற்சி செய்.
3. எரிந்து அணைகிறது: ஸ்கேனர், பிரிண்டர், எடை மிஷின் எல்லாவற்றையும் கழற்று.
4. மெதுவாக மின்னுகிறது: தூங்குகிறது, எழுப்பு.
5. மானிட்டர் விளக்கு மஞ்சள்: படக் கேபிளைப் பார், பிறகு ராம்.
6. போர்டு விளக்கு ஒன்று நின்று எரிகிறது அல்லது பட்டன் கணக்காக மின்னுகிறது: வீடியோ எடு, மெக்கானிக்குக்கு அனுப்பு.
7. டிஸ்கில் ஓசை: உடனே அணை.
8. முதலாளியைக் கேட்காமல் ஃபார்மட் கூடாது.

பெட்டியைத் தரையில் வைக்காமல், பொட்டலம் கட்டும் இடத்துக்குத் தள்ளி, ஓர் அடி உயரத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி ஊதிவிடுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடும் ஒரு நாளில், எந்த விளக்கு எந்த நிறத்தில், எந்த வரிசையில் எரிகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள்தான் உதவும். கல்லாவில் உட்காரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள். நாம் ஊரில் இல்லாத நாளில்தான் பெட்டி படுத்துக்கொள்ளும்.